பட்டியல் கொடுக்காத ஊர்

2020 டிசம்பர் 25. ஃபிரான்ஸில் ஒரு முதியவர் தொண்ணூறு வயதில் இறந்துபோனார். பெயர் எரிக் ஷ்வாம். மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் கிடையாது. உயிலைப் பிரித்துப் பார்த்தால், மொத்த சொத்தையும் ஒரு மலைக் கிராமத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். ஏறக்குறைய 20 லட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் நம்ம காசுக்கு பதினேழு கோடிக்கு மேல்.

உறவுக்காரருக்கு எழுதலாம், கோயிலுக்கு எழுதலாம், படித்த காலேஜுக்குக்கூட எழுதலாம். பஞ்சாயத்து ஆபீசுக்கு யாராவது எழுதி வைப்பார்களா? இவர் எழுதினார். காரணம் எளிமையானது. வியன்னாவில் பிறந்த யூதப் பையன் அவர். 1943ல், பன்னிரண்டு வயதில், அப்பா அம்மாவோடு அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்த வருஷம் ஐரோப்பாவில் ஒரு யூதக் குடும்பம் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். அந்த ஊர் அவர்களை வைத்துக் காப்பாற்றியது.

ஊரின் பெயர் லு ஷாம்போன்-சுர்-லின்யோன். பெயர் வாயில் நுழையாது, அதனால் இனி ஷாம்போன் என்றே சொல்கிறேன். ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் பசங்க எழுத வேண்டிய கட்டுரையை நீ ஏன் எழுதுற என்று கேட்பீர்கள். என் பதில்: இது நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரமும்தான். இந்த ஊரின் கதை, ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னபோது என்ன செய்வது என்பதைப் பற்றிய கதை. பட்டியல் தயாரிப்பதுதானே நாளைக்கு நம்மில் பாதிப் பேரின் வேலை?

ஊர் எப்படி இருக்கும்?

ஃபிரான்ஸின் நடுத்தெற்கில் ஒரு பெரிய மேட்டு நிலம் இருக்கிறது. ஒத் லுவார் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரத்தில் ஷாம்போன் இருக்கிறது. பக்கத்தில் லின்யோன் என்ற சின்ன ஆறு. அது போய் லுவார் நதியில் கலக்கும். சுற்றிலும் கருங்கல்லும் பழைய எரிமலைப் பாறையும். பைன் காடு, புல்வெளி, மாடு, ஆடு. ரை தானியமும் உருளைக்கிழங்கும் விளைந்த மண். வீடுகள் தடித்த கருங்கல் சுவரில் கட்டியவை; பழைய பண்ணை வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் மாடு.

குளிர்காலத்தில் 'பூர்ல்' என்று ஒரு வடக்கத்திக் காற்று அடிக்கும். பனியை வாரிக்கொண்டு வந்து பாதையில் சுவர் மாதிரி குவித்துவிடும். வண்டி போகாது. வெளியூர்க்காரனுக்குப் பாதை எங்கே, பள்ளம் எங்கே என்றே தெரியாது.

இன்னொரு விஷயம் முக்கியம். இந்த ஊரில் எல்லா வீடும் ஒரு தெருவில் நெருக்கமாக இல்லை. நடுவில் ஒரு சின்ன ஊர், கடைகள், தேவாலயம், கம்யூன் அலுவலகம். மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் பண்ணைகள். ஒரு பண்ணையிலிருந்து அடுத்ததற்கு நடந்துதான் போகவேண்டும்.

கம்யூன் என்பது ஃபிரான்ஸின் அடிமட்ட நிர்வாக அலகு. புரட்சி நடந்த 1789ஆம் வருஷக் கடைசியில் வந்த சட்டத்தில் உருவானது. இன்றைக்கும் அந்நாட்டில் கிட்டத்தட்ட 35,000 கம்யூன்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர், மன்றம். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கேதான் பதிவு. அதாவது, ஒருவர் யார் என்று அரசுக்குச் சொல்லும் தாள் தொடங்குமிடமே இந்தச் சின்ன அலுவலகம்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்நியர்களைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம்

ஃபிரான்ஸ் பெரும்பாலும் கத்தோலிக்க நாடு. ஷாம்போன் பகுதியில் மட்டும் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து புராட்டஸ்டன்டுகள் அதிகம். 1598ல் நாந்த் அரசாணை அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தது. 1685ல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்துவிட்டார். அதன்பிறகு நூறு வருஷம் ஒளிவு மறைவுதான். காட்டில் கூடி வழிபாடு, சிப்பாய் வந்தால் ஓட்டம், பிடிபட்டால் சிறை அல்லது கப்பலில் துடுப்புத் தள்ளும் தண்டனை. 'அரசாங்கம் சொல்வது எல்லாம் சரியாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கை அந்த மக்களுக்கு என்றைக்குமே முழுசாக வந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொன்று நடந்தது. அருகில் இருந்த சேன்-எத்தியேன் சுரங்கமும் ஆலையும் நிறைந்த நகரம். புகையில் இருமிக்கொண்டிருந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கோடையில் மலைப் பண்ணைகளுக்கு அனுப்பும் திட்டத்தை லூயி கோந்த் என்ற பாதிரியார் 1893ல் தொடங்கினார். பிறகு குறுகிய பாதை ரயில் வந்தது. கோடைக்காலத்தில் வருவோருக்காகத் தங்கும் விடுதிகள் முளைத்தன. 1938ல் ஒரு மேல்நிலைப் பள்ளியும் வந்தது.

ஆக, 1940 வாக்கில் அந்த ஊரில் யார் வீட்டிலாவது புதுசாக ஒரு பிள்ளை இருந்தால், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தப்பி வந்தவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்திருந்தது. காலியான விடுதி அறைகளும், கோடையில் வந்தவரைக் கணக்குப் பார்த்துக் கவனித்த அனுபவமும் ஏற்கனவே கைவசம் இருந்தன.

நான் சொல்ல வருவதில் இது முதல் பாதி. நல்லது செய்யும் மனசு திடீரென்று ஒரு நாள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அதற்கும் அடித்தளம் போட வேண்டும், நாள் கணக்கில் க்யூரிங் பண்ண வேண்டும். சிவில் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பாரிஸில் ஒரு டேட்டாபேஸ்

இப்போது கொஞ்சம் பாரிஸுக்குப் போவோம். 1940 ஜூனில் ஃபிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. செப்டம்பர் 27 அன்று ஜெர்மன் உத்தரவு: ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் உள்ள யூதர்கள் எல்லோரும் போய்ப் பெயர் கொடுக்கவேண்டும். அக்டோபரில் பாரிஸிலும் அதைச் சுற்றியும் ஏறக்குறைய 1,50,000 பேர் போலீஸ் ஸ்டேஷனில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். பெரும்பாலோர் சட்டத்தை மதிப்பவர்கள். சொன்னால் செய்யவேண்டியதுதானே என்று நினைத்தவர்கள்.

அந்தத் தகவலை வைத்து பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் ஆந்த்ரே த்யுலார் என்ற அதிகாரி ஓர் அட்டைக் கோப்பு தயாரித்தார். அதன் வடிவமைப்பைக் கேளுங்கள். ஒரே ஆளின் விவரம் நாலு விதமாக அடுக்கப்பட்டிருந்தது: பெயர் அகரவரிசையில், குடியுரிமைப்படி, தொழில்படி, தெருப்படி. டிபிஎம்எஸ் படித்தவர்களுக்குப் புரியும், ஒரே டேபிளுக்கு நாலு இண்டெக்ஸ். எப்படிக் கேட்டாலும் நொடியில் பதில் வரும். வேலையாகப் பார்த்தால் சுத்தமான வேலை. வைவாவில் முழு மார்க் கிடைக்கும்.

1942 ஜூலை 16, 17. அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு பாரிஸ் போலீஸார் தெருத் தெருவாகப் போனார்கள். இரண்டு நாளில் சுமார் 13,000 பேர் கைது. அதில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குடும்பமாகப் பிடிபட்டவர்களை ஒரு சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தார்கள். அங்கிருந்து முகாம், முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ். போர் முடிவதற்குள் ஃபிரான்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். திரும்பி வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்.

அட்டையை எழுதிய குமாஸ்தா யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, துப்பாக்கி தூக்கவில்லை. அழகான கையெழுத்தில் முகவரி எழுதினார், அவ்வளவுதான். அந்த முகவரிதான் போலீஸாரைச் சரியாக அந்த வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

மலையில் ஒரு பதில்

அதே வருஷம், அதே நாடு. பாரிஸ் கைதுகள் நடந்து மூன்றரை வாரத்தில், ஆகஸ்ட் 10 அன்று, விஷி அரசின் இளைஞர் நலப் பொறுப்பாளர் லாமிராந்த் ஷாம்போனுக்கு வருகை தந்தார். விருந்து, வரவேற்பு எல்லாம் சாதாரணமாக முடிந்தது. அதற்குப் பிறகு ஊர்ப் பள்ளியின் மூத்த மாணவர்கள் சிலர் அவரிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பாரிஸில் நடந்ததைக் கேள்விப்பட்டோம். எங்களோடு யூத மாணவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குள் அந்த வித்தியாசம் கிடையாது. அவர்களைக் கூட்டிப்போக வந்தால் கீழ்ப்படிய மாட்டோம், மறைத்து வைப்போம் என்பது அதன் சாரம்.

நம்ம வயசுப் பசங்க. சீஃப் கெஸ்ட்டிடம் நேருக்கு நேர்.

ஊரின் பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மே. 1940ல் போர்நிறுத்தம் கையெழுத்தான மறுநாளே, எதிரியை ஆயுதத்தால் அல்லாமல் மனசாட்சியின் பலத்தால் எதிர்க்கவேண்டும் என்று தன் சகா எதுவார் தெய்ஸோடு சேர்ந்து பிரசங்கம் செய்தவர். அவரிடம் யூதர்களின் பட்டியல் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. எங்களுக்கு மனிதர்களைத் தெரியும், நீங்கள் கேட்கிற வகை தெரியாது என்கிற மாதிரி பதில் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் போலீஸ் பஸ்ஸோடு வந்தது. அதற்குள் சாரண மாணவர்கள் பண்ணை பண்ணையாகப் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒளிய வேண்டியவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். சிதறிக் கிடக்கும் அந்தப் பண்ணைகளும், வெளியாளுக்குப் புரியாத பாதைகளும் அன்றைக்கு உதவின. போலீஸார் மூன்று வாரம் தேடினார்கள். பஸ்கள் ஏறக்குறைய காலியாகத் திரும்பின.

ஒளித்து வைத்தால் மட்டும் போதாது, ரேஷன் அட்டை வேண்டும், அடையாள அட்டை வேண்டும். இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி, 1923ல் பிறந்தவர். டாக்டருக்குப் படிக்க ஆசை; யூதர் என்பதால் சீட் கிடைக்கவில்லை. நீஸ் நகரில் டைப்ரைட்டர் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். அரசு அலுவலக மெஷின்களையும் சரிசெய்வார். அந்த அனுபவத்தோடு ஷாம்போன் பக்கம் வந்து, ஒரு பண்ணையில் தங்கி, போலி அடையாள அட்டை தயாரிக்க ஆரம்பித்தார். முத்திரை, கையெழுத்து, தாள், எல்லாம். தயாரிக்கும் சாமான்களை ஒளித்து வைத்த இடம் தேனீப் பெட்டி. எந்தப் போலீஸ்காரன் கைவிடுவான்? போருக்குப் பிறகு படித்து டாக்டரும் ஆனார்.

ஒருவர் யார் என்று சொல்லும் தாள் கம்யூன் அலுவலகத்தில் தொடங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தாளை வைத்துத்தான் பாரிஸில் ஆள் பிடித்தார்கள். அதே தாளை வைத்துத்தான் இங்கே ஒரு இருபது வயதுப் பையன் ஆள் காப்பாற்றினான். கிட்டத்தட்ட ஒரே திறமைதான்: நுணுக்கம், பொறுமை, ஒழுங்கு. எதற்குப் பயன்பட்டது என்பதில்தான் வித்தியாசம்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். 1943 ஜூன் 29 அன்று மாணவர் விடுதி ஒன்றில் கெஸ்டபோ நுழைந்தது. மாணவர்களோடு விடுதிப் பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மேவையும் கொண்டுபோனது. பாதிரியாரின் உறவினர், அறிவியல் ஆசிரியர். அடுத்த ஆண்டு மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் டாக்டர் ரோஜே லு ஃபொரெஸ்தியே 1944 ஆகஸ்டில் லியோன் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஊரில் பிழைத்த பிள்ளைகளில் ஒருவனின் பெயர் அலெக்சாண்டர் க்ரோத்தெண்டிக். அப்பா ஆஷ்விட்ஸில் இறந்தார். அம்மா முகாமில். பையன் சுவிஸ் உதவி அமைப்பு நடத்திய இல்லத்தில் தங்கி, ஊர்ப் பள்ளியில் படித்தான். 1966ல் ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கினான். அல்ஜீப்ரிக் ஜியோமெட்ரியை அடியோடு மாற்றி எழுதியவர் அவர்தான்.

மறுத்துப் பேசுபவர்களுக்கு

இந்தக் கதையைச் சொன்னால் மூன்று பதில்கள் வரும். மூன்றிலும் நியாயம் இருப்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: அது ஒரு பாதிரியாரின் சாதனை, தலைவன் நல்லவனாக இருந்தால் ஊர் தானாகத் திருந்தும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1943 பிப்ரவரியில் த்ரோக்மேவையும் தெய்ஸையும் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரையும் கைது செய்து ஒரு மாதம் போல முகாமில் வைத்தார்கள். ஊரில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சோறு போடுவது நிற்கவில்லை. பக்கத்துக் கம்யூன்களில் கத்தோலிக்கர்களும் சேர்ந்தார்கள். முன்னாள் மேயர் ஷார்ல் கியோன் 1940ல் பதவியை விட்டுவிட்டு ஜெனீவாவிலிருந்து பணம் ஏற்பாடு செய்தார். ஒரு ஆள் போனால் நின்றுவிடும் சிஸ்டமாக அது இல்லை. அதனால்தான் 1990ல் இஸ்ரேலின் யாட் வஷேம் நிறுவனம் தனி ஆட்களோடு நிற்காமல் ஷாம்போன், சுற்றுவட்டார மக்கள் அனைவரையும் சேர்த்துக் கௌரவித்தது.

இரண்டாவது: அவர்கள் சும்மா செய்யவில்லை, காசு வாங்கினார்கள். ஆமாம், பல வீடுகளில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் வந்தது. உதவி அமைப்புகள் கொடுத்தன. ஏழைப் பண்ணைக்காரன் நாலு வருஷம் இன்னும் இரண்டு வாய்க்கு எப்படிச் சோறு போடுவான்? மாதம் கொஞ்சம் பணம் வாங்கினான், பதிலுக்குத் தன் குடும்பத்தின் உயிரைப் பணயம் வைத்தான். அந்த வாடகைக்கு இந்த ரிஸ்க் எடுக்க இன்றைக்கு எந்த ஹவுஸ் ஓனர் தயார்?

மூன்றாவது: மலை உதவியது, பனி உதவியது, அது அதிர்ஷ்டம். மலை உதவியது உண்மை. ஆனால் ஃபிரான்ஸில் மலைக்குப் பஞ்சமில்லை. மலை ஒளிய இடம் கொடுக்கும், கதவைத் திறந்து விடாது.

நமக்கு என்ன?

நாளைக்கு நம்மிடம் யாரும் 'கொலைக்குப் பட்டியல் போடு' என்று கேட்கப்போவதில்லை. த்யுலாரின் குமாஸ்தாக்களிடமும் 1940ல் அப்படிக் கேட்கவில்லை. கணக்கெடுப்பு என்றுதான் சொன்னார்கள். நம்மிடமும் ஃபார்ம் டிசைன் பண்ணு, முக அடையாள அட்டெண்டன்ஸ் செய், ஆப்பில் லொகேஷன் சேர், இரண்டு டேபிளை ஜாயின் பண்ணு என்றுதான் கேட்பார்கள். நாமும் ஸ்பெக்கில் இருக்கு, செய்தேன் என்போம்.

மினி ப்ராஜெக்டில் நான் போட்ட ஒரு ஸ்டூடண்ட் டேபிளில் மதம், சாதி இரண்டுக்கும் காலம் வைத்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. முந்தைய பேட்ச் ரெக்கார்டில் இருந்தது, காப்பி பண்ணினேன். ஆப் செய்த வேலை லைப்ரரி புக் ரிட்டர்ன். ரிவ்யூவில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஸ்காலர்ஷிப்புக்கும் இடஒதுக்கீட்டுக்கும் அந்த விவரம் வேண்டும், அங்கே அது நியாயம், அது இல்லாவிட்டால்தான் அநியாயம். புத்தகம் திருப்பிக் கொடுக்க எதற்கு? டீம் மேட்டிடம் சொன்னேன். "மச்சி, இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே" என்றான். அந்த 'இருந்துட்டுப் போகட்டுமே'தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

தேவையில்லாததைச் சேகரிக்காதே. சேகரித்தால் எதற்கு என்று எழுதி வை. வேலை முடிந்தால் அழி. தப்பாகத் தோன்றினால் வாயைத் திறந்து கேள். இவை பெரிய வீரச்செயல் கிடையாது. ஷாம்போன்காரர்களும் முதல் நாளே கெஸ்டபோவை எதிர்க்கவில்லை. ஐம்பது வருஷம் பிறத்தியார் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றிப் பழகியிருந்தார்கள். நமக்குப் பழகிக்கொள்ள இந்த நாலு வருஷம் இருக்கிறது. முதல் கம்பெனியில், முதல் மாதச் சம்பளம் வந்த பிறகு, மேனேஜர் முன்னால் நின்று புதிதாகத் தைரியம் வரும் என்று எதிர்பார்த்தால் வராது.

இன்றைக்கு ஷாம்போனில் சுமார் 2,500 பேர் இருக்கிறார்கள். வாரச் சந்தை கூடுகிறது. பழைய குறுகிய பாதையில் கோடையில் சுற்றுலா ரயில் ஓடுகிறது. 2013லிருந்து ஒரு நினைவு மையம் இருக்கிறது. அடைக்கலம் கேட்டு வரும் வெளிநாட்டவருக்கான தங்கும் மையம் ஒன்றும் இயங்குகிறது. ஷ்வாமின் பணம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கும் இளைஞர்களுக்கும் என்பது அவர் விருப்பம்.

போர்க்காலத்தில் அந்த மேட்டு நிலத்தில் எத்தனை பேர் காப்பாற்றப்பட்டார்கள்? சிலர் மூவாயிரம் என்கிறார்கள், சிலர் ஐயாயிரம் என்கிறார்கள். சரியான எண்ணிக்கை யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. ஏனென்றால் யாரும் முழுப் பட்டியல் எழுதி வைக்கவில்லை.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னால் உங்கள் ஸ்கீமாவை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒவ்வொரு காலத்துக்கும் 'இது எதுக்கு?' என்று கேளுங்கள். பதில் இல்லாததை எடுத்துவிடுங்கள். நான் எடுத்துவிட்டேன். ஆப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.